திங்கட்கிழமை போன வண்டியின் சத்தம்

நிர்மலாதேவியின் வெள்ளை எஸ்டீம் கார் இண்டூர் கடைவீதியைக் கடந்தது ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு. அதன் சத்தம் கடந்தது அந்த வாரம் வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு. இடைப்பட்ட மூன்று நாளில் தக்காளி கிலோவுக்கு இரண்டு ரூபாய் இறங்கியது, ஒரு சாயங்காலம் தூறல் போட்டது, வேறு விசேஷம் இல்லை.

நிர்மலாதேவிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. ஏரியூருக்குப் பக்கத்துப் பாறைக் கரட்டோர வீட்டிலிருந்து தினமும் தருமபுரிக்குப் போய், ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பிரிவு டெக்னீஷியனாக வேலை பார்த்தாள். நீலச் சிலிண்டரில் வரும் நைட்ரஸ் ஆக்சைடு பதினான்கு வருடமாக அவள் கையில் புழங்கிய சரக்கு. எந்த வால்வு எத்தனை சுற்று திறந்தால் எவ்வளவு வரும் என்பதை அவள் மீட்டரைப் பார்க்காமலே சொல்வாள். தியேட்டரில் இருந்த டாக்டர்கள் அவளைக் கேட்டுவிட்டுத்தான் சிலிண்டரை மாற்றச் சொல்வார்கள். வீட்டில் மட்டும் அவள் வேலை என்னவென்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மாமியார் சின்னம்மாள் விருந்தாளிகளிடம், "எம் மருமவ ஆஸ்பத்திரில காத்து தொறந்து வுடறா" என்று சொல்லிவைத்திருந்தாள்.

சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு திரும்பும்போது தொப்பூர் மேட்டில் அந்த எஸ்டீம் மூச்சுவாங்கியது. உள்ளே ஐந்து பேர், வெளியே சித்திரை வெயில். இரும்புக் குழாய் ஏற்றிய லாரி ஒன்று அவளைத் தாண்டிப் போனது. போகிறபோது லாரி டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அக்கா, எறங்கித் தள்ளட்டுங்களா?" என்று கேட்டான். அதைக்கூட நிர்மலாதேவி தாங்கிக்கொண்டிருப்பாள். பின்சீட்டில் இருந்த சின்னம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை நிர்மலாதேவி இன்ஜினின் இரைப்பையே கேட்டுக்கொண்டு வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தபோது கணவன் மாரியப்பனிடம், "ஏங்க, அந்த வண்டிக்கு மூச்சு பத்தல. நான் குடுக்கறேன்" என்றாள். மாரியப்பன் நிலக்கடலையும் மரவள்ளியும் போடுகிறவன். மனைவி தெரிந்துதான் பேசுவாள் என்று அவனுக்குத் தெரியும். "குடு" என்றான்.

பெண்ணாகரத்தில் ராஜப்பன் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். இருபத்தைந்து வருட அனுபவம், கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்கிறவர். காருக்கு நைட்ரஸ் போட வேண்டும் என்று அவள் கேட்டதும் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ரேஸ் வண்டிக்குப் போடறதுங்க அது. வூட்டு வண்டிக்கு எதுக்குங்க? வெடிச்சா எம் பேருதான் கெடும். அதுவும் ஒரு பொம்பள கேக்கறீங்க."

"அந்த கேஸ் வெடிக்காதுங்க. எரியக்கூட எரியாது. பெட்ரோல் எரியறதுக்குக் கூடுதலா ஆக்சிஜன் குடுக்கும், அவ்வளவுதான். கேஸைப் பத்தி நான் உங்களுக்குச் சொல்றேன், இன்ஜினைப் பத்தி நீங்க எனக்குச் சொல்லுங்க."

ராஜப்பன் சிரித்தார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

பெங்களூரிலிருந்து பஸ் பார்சலில் சிலிண்டரும் குழாயும் மற்ற சாமானுமாக நான்கு அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் காரை நிறுத்தி, பதினொரு ஞாயிற்றுக்கிழமை அவள் வேலை செய்தாள். சிலிண்டரை டிக்கியில் வாய் முன்பக்கம் பார்க்கச் சற்றே தூக்கிச் சாய்த்துப் பட்டி போட்டு இறுக்கினாள். குழாயைக் காரின் அடியோடு, புகைக்குழாயின் சூடு படாத பக்கமாகக் கொண்டுபோனாள். இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் ஒரு துளை போட்டு, நுனியில் அரிசி நுழையாத துளையுள்ள பித்தளை ஜெட்டை வைத்தாள். முதலில் போட்ட ஜெட் பெரிது. ஒரு ஸ்பார்க் பிளக்கின் முனை உருகிவிட்டது. மறு வாரம் சின்ன ஜெட்டும் வேறு பிளக்கும் போட்டு, பெட்ரோலையும் கொஞ்சம் கூட்டிவிட்டாள். ஸ்டியரிங்கின் பக்கத்தில் ஒரு சுவிட்ச், ஆக்சிலேட்டருக்கு அடியில் ஒரு சுவிட்ச். மேலே உள்ளதைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தரையைத் தொடும்வரை மிதித்தால்தான் கேஸ் திறக்கும். குழாயில் முதல்முறை கேஸை விட்டுப் பார்த்த அன்று கொட்டகை முழுக்க வெண்பனி படிந்தது. வைகாசி போய் ஆனி பிறந்தும் அது உருகவில்லை. சின்னம்மாள் முணுமுணுத்துக்கொண்டே தயிரையும் மல்லித்தழையையும் அங்கே கொண்டுபோய் வைத்தாள். மல்லி எட்டு நாள் வாடாமல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத கரட்டோர நேர்ச்சாலையில் அவள் காரை ஓட்டிப் பார்த்தாள். காலைத் தரைவரை அழுத்தியதும் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது, கரடு பின்னால் ஓடியது, சத்தம் நின்றுபோனது. தன் காதுதான் அடைத்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்கு வந்து காதில் எண்ணெய் விட்டுக்கொண்டாள். புதன்கிழமை அதே நேரத்தில் மாரியப்பன் அந்தச் சாலையோரம் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு கார் சீறிக்கொண்டு வருவது கேட்டு வாய்க்காலில் குதித்தான். சாலையில் கார் எதுவும் இல்லை. சத்தம் மட்டும் அவனைத் தாண்டி ஏரியூர்ப் பக்கம் போனது. ஈரவேட்டியோடு வீட்டுக்கு வந்து, "உன் வண்டி இப்பத்தான் போவுது நிர்மலா. மூணாங் கியர்ல கொஞ்சம் இழுக்குது, பாரு" என்றான். அவள் பார்த்துச் சரிசெய்தாள்.

அதன்பிறகு கேஸ் திறந்து ஓட்டிய ஒவ்வொரு முறையும் அப்படித்தான். கார் முன்னால் போகும்; அதன் சத்தமும் காருக்குள் பேசிய பேச்சும் மூன்று நாள் கழித்து அதே வழியில், அதே வேகத்தில் வந்து சேரும். யாரோ புகார் கொடுத்து ஒரு சப்-இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தார். கார் போனபோது சத்தம் இல்லை, சத்தம் வந்தபோது கார் இல்லை. எதன்மேல் வழக்குப் போடுவது என்று அரைமணி நேரம் யோசித்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

மாரியப்பனின் தங்கை மலர்விழி கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து உண்டாகி, பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். நாள் குறித்ததற்குப் பதினெட்டு நாள் முன்னதாக, அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வலி கண்டது. கூடவே உதிரமும் கண்டது. ஆம்புலன்ஸ் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். நிர்மலாதேவி துணியை விலக்கிப் பார்த்தாள். ஒன்றரை மணி நேரம் மலர்விழிக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. மாரியப்பன் தங்கையைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினான். சின்னம்மாள் மகள் தலைமாட்டில் ஏறிக்கொண்டாள்.

"நிர்மலா, அந்தக் கேஸ் குண்டைத் தொறக்காத தாயி, பயமா இருக்குது" என்றாள் சின்னம்மாள்.

"அத்தை, புள்ளயப் புடிச்சுக்குங்க" என்றாள் நிர்மலாதேவி.

பெண்ணாகரம் தாண்டும்வரை சாலை வளைந்து வளைந்து போனதால் கேஸ் திறக்க முடியவில்லை, மலர்விழியின் அலறல் காதில் விழுந்துகொண்டிருந்தது. ஊர் முடிந்ததும் நிர்மலாதேவி சுவிட்சைப் போட்டுக் காலை அழுத்தினாள். எல்லாம் அடங்கிப்போனது. புளியமரங்களும் பஸ்களும் டீக்கடைகளும் சத்தமில்லாமல் பின்னால் போயின. கண்ணாடியில் மலர்விழியின் வாய் திறந்திருந்தது, சின்னம்மாளின் உதடுகள் ஏதோ தெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. இண்டூர் தாண்டி அதகபாடி வரும்போது நிர்மலாதேவி மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். சின்னம்மாளின் இரண்டு கையிலும் ஒரு குழந்தை இருந்தது. கண்ணை இறுக மூடி, உடம்பெல்லாம் சிவந்து, வாயை முழுசாகத் திறந்து வைத்திருந்தது. அதற்குமேல் அவள் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தாள். பெண்ணாகரத்திலிருந்து தருமபுரி பெரியாஸ்பத்திரி வாசலுக்குப் பதினான்கு நிமிடம்.

"இன்னும் கால்மணி நேரம் போயிருந்தா தாயி இல்லம்மா" என்று பிரசவ வார்டு டாக்டர் சொன்னார். நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், மலர்விழி பிழைத்தாள். குழந்தைக்கு மூச்சு நன்றாக இருந்தது, நிறம் நன்றாக இருந்தது, பால் குடித்தது. குரல் மட்டும் இல்லை. வாயைத் திறந்து, முகத்தைச் சுளித்து, கை காலை உதறி அழுதது. ஒரு சத்தமும் வரவில்லை. பாதத்தில் சுண்டிப் பார்த்தார்கள். தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார்கள். பெரிய டாக்டர்கள் இரண்டு பேர் வந்து, ஒரு குறையும் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை மலர்விழி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டாள்: "ஊமையாப் பொறந்துருச்சா அண்ணி?"

"அழுதுச்சு மலரு. நான் கண்ணாடில பாத்தேன். வழில வந்துட்டிருக்குது. மொத அழுகையே இன்னும் வந்து சேரல, அடுத்தது எப்பிடி வரும்? நாளைக்குக் காலைல வந்துரும்."

"வரலைன்னா?"

நிர்மலாதேவி குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள். அதுவரை மூன்று நாள் கழித்து வந்ததெல்லாம் இன்ஜின் சத்தமும், "அந்தக் கண்ணாடியை ஏத்துங்க" என்பது போன்ற பேச்சும்தான். ஒரு உயிரின் குரல் அவ்வளவு தூரம் வழிதவறாமல் வருமா என்பது அவளுக்கே தெரியாது. இருந்தாலும் அந்தப் பதினொரு ஞாயிற்றுக்கிழமையில் தான் முடுக்கிய ஒவ்வொரு நட்டையும் மனசுக்குள் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒன்றும் தளர்வாக இல்லை.

மாரியப்பன் யாரிடம் சொன்னான் என்று தெரியாது. வியாழக்கிழமை காலை எட்டரைக்கே சாலையின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். ஏரியூர் ஆட்கள் டிராக்டரில் வந்து பெண்ணாகரத்து எல்லையில் இறங்கினார்கள். ராஜப்பன் ஒர்க்‌ஷாப்பைச் சாத்திவிட்டு வந்து நின்றார். பஸ் டிரைவர் ஒருவர் தானாகவே பஸ்ஸை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். ஒன்பது மணி கடந்து சில நிமிடத்தில் அது வந்தது. ராஜப்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்ஜின் ஏறுகிறது, கேஸ் திறக்கிறது, ஒரு திணறல் இல்லை. "நாலு சிலிண்டரும் ஒரே சீரா எரியுது. இந்த மாதிரி வேலைய நான் செஞ்சதில்லைங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். அதன்பிறகு அவர் கேஸ் விஷயத்துக்கு வருகிறவர்களை எல்லாம் ஏரியூருக்கு அனுப்பிவைத்தார். இன்றுவரை ஆறு வண்டிக்கு அவள் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

சத்தம் காரின் வேகத்தில் ஓடியதால் அதற்கு முன்னால் போன்கள் பறந்தன. இண்டூர்க்காரர்கள் மலர்விழியின் அலறலையும், சின்னம்மாள் மாரியாத்தாளைக் கூப்பிட்டதையும் கேட்டார்கள். பெண்கள் சிலர் அழுதார்கள். அழுகுரல் கேட்டது அதகபாடியில். பால் சொசைட்டி வாசலில் நின்றவர்களின் முகத்துக்கு நேராக அது வெடித்துக் கிளம்பியது. ஓங்கிய, கோபமான, முழுக் குரல். "புள்ள! பொம்பளப்புள்ள!" என்று சின்னம்மாளின் குரல் கூடவே ஓடியது. அதகபாடிக்காரர்கள் விசில் அடித்தார்கள். அந்தப் பெண் தங்கள் ஊரில் பிறந்தவள் என்று இப்போதும் அவர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். கனிமொழி என்று பெயர். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், பிரேயரில் அவள் குரல்தான் மைக் இல்லாமல் கேட்கும்.

பெரியாஸ்பத்திரி வாசலில் நிர்மலாதேவி தனியாக நின்றாள். கேஸ் திறந்து ஓடும் தன் வண்டியை முழுசாக அன்றுதான் அவள் வெளியிலிருந்து கேட்டாள். தூரத்தில் தும்பியின் ரீங்காரம்போல ஆரம்பித்து, பாலத்தைத் தாண்டி, வளைவில் கியர் இறங்கி, கேட்டுக்குள் திரும்பி அவள் காலடியில் வந்து நின்றது. வாட்ச்மேன் எழுந்து வழிவிட்டார். இன்ஜின் அணைந்தது, அழுகை மட்டும் படியேறியது. அவள் பின்னாலேயே ஏறினாள். வார்டில் இருந்த தாய்மார்கள் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். குரல் மூன்றாவது கட்டிலுக்குப் போனது. மலர்விழியின் மடியில் கிடந்த குழந்தை வாயைத் திறந்தது. அதன்பிறகு அதை நிறுத்த ஒரு மணி நேரம் ஆனது.

சின்னம்மாள் வார்டு வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்தி, "எம் மருமவ மாட்டுனதுங்க. எல்லாம் அவ கையால. வூட்டுலயே வெச்சு மாட்டுனா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நிர்மலாதேவி காதில் விழாதவள்போல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், குழந்தையின் தொண்டையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, கேஸ் ஷீட்டை எடுத்தார். பிறந்தவுடன் அழுததா என்ற இடம் மூன்று நாளாகக் காலியாக இருந்தது. அவர் நிர்மலாதேவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். டாக்டர் 'ஆம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு, நான்காவது கட்டிலுக்குப் போனார்.