கதவுக்கு ஓட்டுத் தையல்

எங்கள் தையல் கடையின் கம்பிக் கதவில் ஒரு கீல் உடைந்து, கதவு மூன்று மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளி வெல்டிங்காரர் இருக்கிறார். கூப்பிட்டால் கால் மணி நேர வேலை. என் வீட்டுக்காரர் கூப்பிட மாட்டார். மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் தைத்துக் கொடுத்த பேன்ட், வெல்டிங்காரர் நாலு பேர் முன்னால் குனிந்தபோது பின்பக்கம் பிரிந்துவிட்டது. "தையல் சரியில்ல" என்றார் அவர். "உடம்பு பெருத்துப்போச்சு" என்றார் இவர். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

அதனால் இவர் ஒரு சின்ன மிக் வெல்டிங் மெஷினை வாங்கி வந்தார். ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். மூடியைத் திறந்ததும் முகமெல்லாம் பல்.

"இது தையல் மெஷினேதான். இதோ நூல்கண்டு, இதோ டென்ஷன் திருகு. நூலுக்குப் பதிலா கம்பி வருது, அவ்வளவுதான்."

மிதியைத்தான் காணோம் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

குறிப்புப் புத்தகத்தை நான் படித்துச் சொன்னேன். கேஸ் இல்லாமல் ஓடுகிற கம்பி என்றால் வெல்டிங் துப்பாக்கியின் வயர் மைனஸில், எர்த் கிளிப் பிளஸில். மாட்டினார். அடுத்த வரியை நான் படிப்பதற்குள், துப்பாக்கி முனையைக் கழற்றாமலே திருகை இறுக்கி ஓட்டிவிட்டார். கம்பி உள்ளுக்குள்ளேயே சுருண்டு குருவிக்கூடு கட்டியது. வெட்டி எடுத்து, திருகைத் தளர்த்தி, மறுபடி கோத்தார். பழைய இரும்புத் துண்டில் ஒரு கோடு போட்டுப் பார்த்தார். கோணல்தான், ஆனால் ஒட்டியது.

மறுநாள் பதினொரு மணிக்கு எனக்கு ஒரு ஆயத்த ஆடை ஆலையில் நேர்காணல். தையல் பிரிவு மேற்பார்வையாளர் வேலை. சொன்னபோது "ம்" என்றார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டும். ஊரார் இடுப்பைச் சுற்றி இருபது வருடம் டேப் பிடித்தது போதும்.

காலையில் நான் கடைக்குப் பின்னறையில் உடுத்திக்கொண்டு வருவதற்குள் இவர் வெளியே நின்று வேலையை ஆரம்பித்து, முடித்தும்விட்டார். தொங்குகிற கதவு ஆடக்கூடாதே என்று பூட்டுப் பக்கத்தைச் சட்டத்தோடு சேர்த்து மூன்று இடத்தில் வெல்டிங் பொட்டு வைத்திருந்தார்.

"கதவைத் திறங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இரு, சும்மா பிடிச்சு நிக்க ஓட்டுத் தையல்தான் போட்டிருக்கேன். பிரிச்சுட்டுத் திறக்கறேன்" என்று சட்டைப் பையில் கத்தரிக்கோலைத் தேடினார்.

தேடிய கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. கடைக்கு வேறு வாசல் கிடையாது. இரும்பு அறுக்கிற மெஷின் ஒருவரிடம்தான் இருந்தது.

ஆளனுப்பியதும் வெல்டிங்காரர் வந்தார். பொட்டுகளைத் தடவிப் பார்த்தார்.

"தையல் கெட்டியா இருக்கே. என் பேன்ட்டுக்கும் இப்படிப் போட்டிருக்கலாம்."

"அறுங்க" என்றார் இவர்.

"அறுக்கறேன். அந்தத் தையல் மட்டம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

சொன்னதோடு நிற்காமல், கழுத்தில் கிடந்த டேப்பை உருவி நடுத்தெருவில் அவர் இடுப்பை அளந்தார். "முப்பத்தெட்டு. அன்னைக்கு முப்பத்தாறு."

"இப்பதான் சாப்பிட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு அளந்து பாருங்க."

காத்திருக்க இருவரும் தயார். மணி பத்து இருபது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தத் தையல் நான் போட்டது. அவசரத்துல ஒத்தைத் தையலோட விட்டுட்டேன்."

வெல்டிங்காரர் இவரைப் பார்த்தார். "உங்களுக்கு இது தெரியுமா?"

"என் தையல் எது, அவ தையல் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

மூன்று வருடம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஊர்ப்பகையைத் தலையில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார் மனிதர். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று எனக்குக் கோபம் வந்தது.

வெல்டிங்காரர் மூன்று பொட்டுகளையும் அறுத்தார். கதவு அசையவில்லை. கீல் பிரியவே கூடாது என்று இவர் அது மடங்கக்கூட முடியாதபடி சுற்றிச் சுற்றித் தைத்திருந்தார். மேல் கீல், கீழ் கீல் இரண்டையும் அறுத்ததும் கதவே கையோடு வந்துவிட்டது. ஆளுக்கொரு முனையைத் தாங்கிப் பிடிக்க, நான் வெளியே வந்தேன்.

பஸ் அதற்குள் தெருமுனைக்கு வந்துவிட்டது. இவர் தன் முனையையும் வெல்டிங்காரர் தோளில் சாய்த்துவிட்டு, நடுரோட்டுக்கு ஓடிக் கையை விரித்து நின்றார். பிரேக் போட்ட டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், ஏறணுமா, சாகணுமா?"

"நான் இல்ல, அவ ஏறணும். பதினொரு மணிக்கு அங்க இருக்கணும்." இவருக்கு மூச்சு வாங்கியது. "அவ போகாம இருந்தாதான் எனக்கு நல்லது. அதனால, நான் மனசு மாறுறதுக்குள்ள வண்டிய எடுத்துடுங்க."