நாலாவது பாட்டில் ஒரு சுழி

அன்று அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் 'நானும் இருந்தேன்' என்று சேர்ந்துகொள்ள வேண்டாம். இசைத்தட்டுக் கடைக்காரர், கடைக்கு மேல் இருக்கும் அந்த அறை அவருடையது. பேருந்து ஓட்டுநர் ஒருவர். அவரை எல்லோரும் 'முதல் ஆல்பம்' என்றுதான் கூப்பிட்டார்கள். பல் மருத்துவர் அம்மா. கிட்டார் பையை மடியில் வைத்திருந்த கல்லூரிப் பெண். மடக்கு நாற்காலிகளில் இன்னும் ஒன்பது பேர். அவர்கள் கூட்டமாகக் கத்தினார்களே தவிரத் தனியாக எதுவும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் நான். மொத்தம் பதினான்கு பேர்.

நான் யார் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. அது என் தம்பியின் நிபந்தனை.

தம்பி பாடகன். என் தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, கிட்டார் வாசிப்பவர். இரண்டே பேர். மெட்டு காதோடு ஒட்டிக்கொள்ளும், கிட்டார் நெஞ்சில் இடிக்கும் என்று அவர்கள் பாட்டைப் பற்றிச் சொல்வார்கள். இளமையில் மூன்று ஆல்பம் போட்டார்கள். பத்தொன்பது வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது நான்காவது. வந்த வாரத்திலிருந்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். குரல் போய்விட்டது என்று எவனோ எழுதியதைப் படித்துவிட்டுத் தம்பி, சனிக்கிழமை மேடையில் புதுப் பாட்டு ஒன்றுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"இன்னைக்கு ரசிகர்கள் கூடி ஆல்பத்தைக் கேக்கறாங்களாம். நீங்க போய் அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்கண்ணா. மத்தவங்க எனக்காகப் பூசி மெழுகுவாங்க. நீங்க மாட்டீங்க. சாயங்காலத்துக்குள்ள மேடைக்குப் பாட்டுப் பட்டியல் கொடுக்கணும்."

அதனால் போனேன். நான் பாட்டுக் கேட்கிற ஆள் இல்லை. அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்தியவன். ஆல்பத்தின் அட்டையில் வரும் பாட்டு வரிகளையும் நான்தான் பார்த்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டார் பெயர் போட்டு வரும் தாளில் ஓர் எழுத்து பிசகினாலும் அது குடும்பத்துக்கே தலைகுனிவு. ஆகவே அந்த ஆல்பத்தை ஓர் எழுத்து விடாமல் படித்திருக்கிறேன். கேட்டதில்லை.

கடைக்காரர் நாலாவது பாட்டின் மேல் முள்ளை வைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முதல் ஆல்பம் எழுந்துவிட்டார்.

"நிறுத்துய்யா! இதத்தான் நான் சொல்றேன். அந்தக் காலத்துல இவரு ஒரு நெடில் பிடிச்சாருன்னா ஒரு ஸ்டாப்புல ஆரம்பிச்சு அடுத்த ஸ்டாப்புல இறக்கி விடுவாரு. இப்பப் பாருங்க." அட்டையை உயர்த்திப் பிடித்தார். "அச்சுல என்ன இருக்கு? 'வீடு வீடு வீடு, வந்தாச்சு இனி வீடு.' வாயில என்ன வருது? 'விடு விடு விடு.' ஒரு நெடிலுக்கு மூச்சு இல்ல. ஆளு காலி."

"உங்க காதுதான் காலி," என்றார் பல் மருத்துவர். "நான் நாள் முழுக்க வாய்க்குள்ள பாக்கறவ. அடுத்த வரியக் கேளுங்க. 'தூரமெல்லாம் தீர்ந்தாச்சு'. அந்தத் தூ எவ்ளோ நேரம் போகுது! மூச்சு இல்லாதவர் அப்படி இழுப்பாரா?"

"அப்புறம் ஏம்மா வீட்டை மட்டும் சுருக்கறாரு?"

"உடைஞ்ச வீட்டப் பத்திப் பாடறாரு. அதான் சொல்லையே உடைச்சிருக்காரு. அது புரிய ஒரு பக்குவம் வேணும்."

"ஆமா, எனக்குப் பக்குவம் பத்தல. ஹாரன் அடிச்சே போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். கல்லூரிப் பெண் கை தூக்கினாள். "அங்கிள், தப்பு பாடகர் மேல இல்ல. கிட்டார்காரர் முந்திக்கிட்டு அடிக்கிறாரு. அவரை இழுக்கவே விடல. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லையாமே? தனித்தனியா வந்து பதிவு பண்ணிட்டுப் போனாங்களாம்."

என் காது சுட்டது. தம்பிக்கு மூச்சு இல்லை என்றார்கள், பொறுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை கெடுத்தார், பேச்சுவார்த்தை இல்லை என்றால் அது என் தங்கை வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட பேச்சு. ஆனால் காது சுட்டதற்கு அது மட்டும் காரணம் இல்லை. தம்பியின் கையெழுத்துத் தாள் என் கண் முன்னால் வந்துவிட்டது. அதில் 'விடு' என்றுதான் இருந்தது. குறில். 'வந்தாச்சு' என்று பக்கத்தில் இருந்ததால், பையன் அவசரத்தில் சுழியை விட்டுவிட்டான் என்று நினைத்து, சிவப்புப் பேனாவை எடுத்து நான்கு இடத்திலும் சுழி போட்டவன் நான்.

எழுந்தேன்.

"அட்டையில் உள்ளது பிழை. பாட்டு சரி."

பதிமூன்று தலைகள் திரும்பின. "நீங்க யாரு சார்?" என்றார் முதல் ஆல்பம்.

"பாடகருக்கு அண்ணன். கிட்டார்காரருக்கு மைத்துனன். அந்தச் சுழியைப் போட்டவன்."

அறையில் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், பந்தயத்தில் கடைசி ஓட்டம் முடிந்ததைப் போல. ஒருவர் நாற்காலியோடு சாய்ந்தார். கல்லூரிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப 'விடு'ன்னா என்ன சார்?" என்று நாலு பக்கத்திலிருந்தும் கேட்டார்கள்.

சொன்னேன். இரண்டு பேரும் முதல் முதலாக ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கிய நாள். பெட்டி என்றால் பீரோ அளவு. மூன்றாவது மாடி, குறுகலான படி. முன்னால் அவர்கள் இரண்டு பேர், பின்னால் நான். மேலே போய்ச் சேர்ந்ததும் இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "விடு விடு விடு! வந்தாச்சு, இனி விடு!" நான் விடவில்லை. பெட்டி சாய்ந்து சுவர் பெயர்ந்தால் வீட்டுக்காரர் நாலு பேர் எதிரில் ஏதாவது சொல்வார். பெட்டி மட்டமாக உட்கார்ந்ததை என் கண்ணால் பார்க்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளையின் கட்டைவிரல் அதற்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஐயோ, கிட்டார் விரலா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாம். அதனால்தான் அந்த இடத்தில் முந்தி அடிக்கிறார் போலிருக்கிறது."

அவ்வளவுதான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே முள்ளை மறுபடி வைத்தார், சத்தத்தைக் கூட்டினார். 'விடு' என்று தம்பி குரல் வெட்ட, வெட்டிய இடத்தில் கிட்டார் விழுந்தது. மூன்றாவது முறை வந்தபோது அறையே கத்தியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பல் மருத்துவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதித்தார். உடைந்த வீடு என்ற கருத்தை அவர் அதன் பிறகு எடுக்கவேயில்லை. எனக்கும் கால் தாளம் போட்டது. அதை நான் மறுக்கப்போவதில்லை.

முதல் ஆல்பம் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "இருந்தாலும் முதல் ஆல்பம் முதல் ஆல்பம்தான். இந்தப் புதுசுல ஏழாவது பாட்டு தூங்கி வழியுது. ஆனா சார், சனிக்கிழமை இந்த நாலாவதைப் பாடலேன்னா நான் பஸ்ஸைக் கொண்டுவந்து மேடைக்கு முன்னாடி நிறுத்திடுவேன். சொல்லிடுங்க."

தெருவுக்கு இறங்கியதும் தம்பியைக் கூப்பிட்டேன். "ஏழாவது தூக்கமாம். அது வேண்டாம். நாலாவதைப் பாடு. மூச்சு இருக்கிறது, நானே கேட்டேன்." பிறகு சுழி விஷயத்தையும் சொன்னேன்.

"அது எங்களுக்கு அச்சாகி வந்த அன்னைக்கே தெரியும்ணா."

"ஏன் சொல்லவில்லை?"

"உங்ககிட்ட எழுத்துப்பிழைன்னு யாரு சொல்றது? 'மூச்சுப் போச்சுன்னு நம்மளச் சொல்லட்டும், பெரியவர் பேர் கெடக்கூடாது'ன்னு மாப்பிள்ளை சொல்லிட்டாரு. இங்கதான் உக்காந்திருக்காரு. குடுக்கட்டுமா?"

பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் ஒரே அறையில் இருந்தார்கள். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சிறிது தூரம் நடந்த பிறகு, மறுபடி கூப்பிட்டு மாப்பிள்ளையிடம் பேசினேன். கட்டைவிரலைப் பற்றிக் கேட்டேன். முப்பது வருடத்தில் முதல் தடவை.

சனிக்கிழமை முதல் பாட்டே நாலாவது பாட்டுதான். அரங்கம் என்ன ஆயிற்று என்பதை அங்கே இருந்தவர்கள் சொல்லட்டும்.

கடைக்கு மேல் நடந்த கூட்டத்தில் நான் கண் கலங்கி, எல்லோரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டதாக ஒரு பேச்சு உலவுகிறது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பிழைதிருத்தம் அறிவித்தேன். நிமிர்ந்து நின்றுதான் அறிவித்தேன்.