மந்திரமூர்த்தி கோழிக்குப் புகை போட்ட கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது முத்துக் கதை. தூத்துக்குடி என்றால் வாசகர் முத்தைத்தானே எதிர்பார்ப்பார்?

'மூச்சை அடக்கிக்கொண்டு அவன் கடலுக்குள்...'

அதற்குமேல் பேனா ஓடவில்லை. மூச்சு என்றதும் எனக்குக் கோழி ஞாபகம் வந்துவிட்டது. ஏரலில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார்: "எங்க பெரியப்பா கப்பலுக்குப் புகை போடுத மாதிரி வீட்டுக் கோழிக்கும் போட்டுட்டாக." அதற்குள் பாயசம் வந்துவிட்டது. அவரும் மேற்கொண்டு சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2 (மறுபடியும் தொடக்கம்)

1946. தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல்களுக்குப் படகில் போய், சரக்கு அறைகளை இறுக அடைத்து, கந்தகம் எரித்து எலி கொல்வது மந்திரமூர்த்தியின் வேலை. பதினெட்டு வருஷ அனுபவம். அவர் சட்டை வாடைக்குத் தெருநாய்கூட எதிர்ப்பக்கம் போய்விடும்.

அவர் மனைவி செல்லக்கனிக்குப் புறவாசலில் பதினொரு கோழிகள். எல்லாம் செவலை என்கிற ஒரே பெட்டையின் வம்சம். ஒருநாள் காலை செவலை தும்மியது.*

(* கோழி தும்முமா என்று கேட்பவர்கள் கோழி வளர்க்காதவர்கள். அவர்களோடு எனக்கு வாதமில்லை.)

மூக்கில் நீர், கண்ணில் பீளை, வாயைத் திறந்து கர்ர் கர்ரென்று மூச்சு. மறுநாள் இன்னொன்றுக்கும் அதே பாடு. செல்லக்கனி இரண்டையும் தனியே பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடினாள். வெந்நீரில் துணி நனைத்து மூக்கைத் துடைத்தாள். சின்ன உள்ளியும் நல்லமிளகும் தட்டிக் கொடுத்தாள்.

மந்திரமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. "ஏளா, கப்பலையே சுத்தம் பண்ணுதவன் நான். ஒரு கோழிக்கூடு எம்மாத்திரம்?"

"அது எலி சாவதுக்குப் போடுத புகைல்லா?"

"எலி சாவும். கோழி எலியா?"

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, பஞ்சாரத்தில் இருந்தவற்றையும் சேர்த்துக் கூட்டில் அடைத்தார். ஓட்டைகளில் ஈரச்சாக்கைத் திணித்தார். சிரட்டையில் ஒரு சிட்டிகை கந்தகம் வைத்துப் பற்றவைத்து நூறு எண்ணினார். கப்பலுக்கு என்றால் மணிக்கணக்காகும். கோழி சின்னது என்று பெரிய மனசு பண்ணினார்.

கூட்டைத் திறந்ததும் பதினொன்றும் வாயைப் பிளந்துகொண்டு வந்தன. இரண்டுக்கு இருந்த இழுப்பு இப்போது அத்தனைக்கும். செவலை நாலடி வைத்துச் சரிந்தது. திரும்பி வந்த செல்லக்கனி எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

3

இங்கேதான் என் கதை மாட்டிக்கொண்டது. கதாநாயகி பேசாவிட்டால் நான் எதை எழுதுவது?

'"ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று செல்லக்கனி கதறி...'

(வேண்டாம். அவள் கதறுகிறவள் அல்ல.)

பேசாமலும் இல்லை, கோழிகளோடு பேசினாள். "ஏ செவலை, கப்பல்காரவுக வாராக. மூக்கைப் பொத்திக்கோ." மத்தியானம் சேவலிடம், "ஏலே, சோறு அடுப்படியில இருக்கு. பசிச்சவுக போட்டுத் திங்கலாம்னு சொல்லு."

பதினெட்டு வருஷம் புகைக்குள் கிடந்தும் மூச்சு முட்டாத மனிதருக்கு, இரண்டாம் நாளே அந்த வீட்டில் மூச்சு முட்டியது. மூன்றாம் நாள் அவராகவே கூட்டின் ஒரு பக்கத்தைப் பிரித்துக் காற்றுக்கு வழிவிட்டார். ஈரத்தை அள்ளிவிட்டுக் காய்ந்த மணல் பரப்பினார். தண்ணீரை மாற்றினார். வெந்நீர்த் துணியோடு குந்தி, பதினொரு மூக்கையும் ஒன்றுவிடாமல் துடைத்தார். அவள் காதில் விழுகிற மாதிரி, "ஏ செவலை, தப்பு எம்பேர்லதான்னு அவகிட்ட சொல்லிரு," என்றார்.

செவலை அவர் முகத்திலேயே தும்மியது.

4

முடிவுகள்:

'செவலை செத்துவிட்ட...' (எழுதிய கையோடு அடித்துவிட்டேன். மனசு கேட்கவில்லை.)

'செவலை முட்டையிட, அதை அவள் கணவனுக்குப் பொரித்து...' (காலண்டர் படம் மாதிரி இருக்கிறது.)

ஏழாம் நாள் காலை பதினொன்றும் மூக்குக் காய்ந்து மண்ணைக் கிளறின. செல்லக்கனி வந்து மந்திரமூர்த்தியின் எதிரே நின்றாள். கோழிகளைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். மெதுவாக ஏதோ சொன்னாள். இரண்டு வார்த்தை இருக்கும். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என்ன சொன்னாள்? எழுதிக்கொள்ளக் கிட்டே போனேன். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

"நடந்ததாகப் பந்தியில் சொன்னார்கள், அம்மா," என்றேன்.

செவலை சரிந்து விழுந்ததையும் பந்தியிலா சொன்னார்கள் என்பதுபோல் பார்த்தாள். அது நான் சேர்த்தது. கதைக்குக் கொஞ்சம் சூடு வேண்டியிருந்தது.

அவரை மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது. என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. உங்கள்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நீங்களே போய்க் கேட்டுப்பாருங்கள்.