துறைமேடையில் ஒன்பது விநாடி

முதலில் ஐசக்கின் இறால் கூண்டுகளை வெட்டிக் கடலில் எறிந்தார்கள். பிறகு சிங்கி இறால் பெட்டிகளைத் துறைமேடையில் கவிழ்த்து, ரப்பர் பூட்ஸ் காலால் மிதித்தார்கள்.

ஓடு நொறுங்கும் சத்தம் மைக்கில் எப்படி விழும் என்று டெல்ஃபின் க்ளோடுக்குத் தெரியும். காய்ந்த சுள்ளி ஒடிவது போல் கூர்மையாக வந்து, மீட்டரை ஒரே தாவலில் சிவப்புக்கு ஏற்றிவிடும். கழுத்தில் தொங்கிய ஒலிப்பதிவுக் கருவியின் ஒலியளவுத் திருகைப் பாதிக்குக் கீழே இறக்கிப் பூட்டினாள். குறைவாகப் பதிந்த குரலைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். சிவப்பில் கிழிந்த குரலை யாராலும் ஒட்ட முடியாது.

அவள் நிருபராக வரவில்லை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வேலை பார்த்ததெல்லாம் பழைய கதை. இப்போது நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு சொல்லித்தரும் பேராசிரியை. "இருநூறு பேர் வந்திருக்கானுங்க அக்கா" என்று தம்பி ஐசக் மதியம் போன் செய்ததும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கருவியை மாட்டிக்கொண்டது பழக்கம்.

அந்தப் பழக்கத்துக்கும் காரணம் இதே துறைதான். பத்தொன்பது வருடங்களுக்கு முன்பும் இதே சண்டை. ஒப்பந்தப்படி எங்கள் உரிமை என்று அவர்களுடைய மிக்மாக் பழங்குடிப் படகுகள் கடலில் இறங்க, இறால் பருவம் இன்னும் தொடங்கவில்லை என்று வெள்ளைக்கார மீனவர்கள் மறித்தார்கள். அன்று அவளது கருவி, ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் தானியங்கியில் இருந்தது. தானியங்கி ஒரு பயந்த காவலாளி மாதிரி. பெரிய சத்தம் கேட்டால் பட்டென்று கதவைச் சாத்தும். பிறகு மெல்ல மெல்லத்தான் திறக்கும். யாரோ அபாய வெடியைச் சுட்டான். கதவு சாத்திக்கொண்டது. சாத்தியிருந்த நான்கு விநாடிக்குள்தான், "அவன் படகு மேல நம்ம படக ஏத்துடா!" என்று எதிர்ப்படகில் ஒருவன் கத்தினான். நீதிமன்றத்தில் கேட்டது வெடி, அமைதி, படகை இழுக்கும் கொக்கிக் கழியோடு பாய்ந்த ஐசக்கின் கூச்சல். அவ்வளவுதான். அவனாகவே பாய்ந்ததாகத் தீர்ப்பு வந்தது. பதினான்கு மாதம் சிறை. டெல்ஃபின் மறு வருடமே நிருபர் வேலையை விட்டாள். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் முதல் பாடம் அந்தத் தானியங்கிப் பொத்தானின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டுவது.

"ஏய் க்ளோட்!" கூட்டத்திலிருந்து வெண்டல் என்பவன் ஐசக்கை நோக்கி வந்தான். கையில் கடப்பாரை. "போன தடவ பதினாலு மாசம். இந்தத் தடவ சவப்பொட்டிதான்டா."

"பெரிய பொட்டியாப் பாத்து வாங்கு," என்றான் ஐசக். "உன்னையும் சேத்துதான் வைக்கணும்."

யாரோ இரை மீன் வைக்கும் கொட்டகைக்குத் தீ வைத்தார்கள். மீன் எண்ணெய் ஊறிய மரம்; கரும்புகை தரையோடு தரையாக உருண்டு வந்தது. அங்கிருந்த எல்லாருடைய கைப்பேசியிலும் பதிந்தது அந்தப் புகை மட்டும்தான்.

புகைக்குள் முதல் அடி ஐசக்கின் வாயில் விழுந்தது. அடுத்தது விலாவில். நான்கு பேர். நொறுங்கிய இறால்களுக்கு நடுவே அவன் குப்புற விழுந்தான். ஒருவன் கழுத்தில் பூட்ஸை வைத்து அழுத்தினான். ஐசக்கின் விரல்கள் பலகை இடுக்கைப் பிறாண்டின. "கைய நீட்டிப் பிடிங்கடா, இனிமே கூண்டே இழுக்கக் கூடாது!" என்று வெண்டல் கடப்பாரையை ஓங்கினான்.

டெல்ஃபினின் காலடியில் கொக்கிக் கழி கிடந்தது. எடுத்தாள். வெண்டல்மேல் சுழற்றினாள். தாடை உடையும் சத்தம் கேட்டது. வெண்டல் விழுந்ததும் மற்றவர்கள் புகைக்குள் ஓடினார்கள். காவலர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தபோது கழி ஐசக்கின் கையில் இருந்தது. எப்போது பிடுங்கினான் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான்தான்," என்றான் ஐசக், ரத்தம் துப்பிக்கொண்டு. "நான்தான் அடிச்சேன்."

மறுநாள் காலையில் மருத்துவமனை. வெண்டலுக்கு ஒரு கண் போய்விட்டது. உயிர் இருக்கிறது. ஐசக்கின் இடது கையைக் கட்டிலோடு விலங்கிட்டிருந்தார்கள். வாசலில் இருந்த காவலருக்குப் புரியாதபடி இருவரும் தங்கள் மொழியில் பேசினார்கள்.

"என்ன சாப்ட்ட?"

"சூப்பு. பல்லு நாலு போச்சு, சம்பளமில்லாத விடுமுறைல இருக்கு." சிரிக்கப் போய் விலாவைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, பதிவு இருக்கா?"

"இருக்கு. இன்னும் கேக்கல. ஐசக், நீ பொய் சொல்ல வேணாம். உன் கைய உடைக்க வந்தான், நான் ஒரு அடி அடிச்சேன். தற்காப்புதானே?"

விலங்கில்லாத கையால் ஐசக் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஒண்ணு இல்லக்கா," என்றான். "மூணு."

காரில் உட்கார்ந்து கேட்டாள். ஆறாவது நிமிடம், பன்னிரண்டாவது விநாடி. ஒரு அடி. கடப்பாரை மரத்தில் விழும் ஓசை. வெண்டல் விழுகிற ஓசை. பிறகு ஒரு மூச்சு. மைக்குக்குப் பக்கத்தில் இருக்கும் குரல் கனமாக, மார்புக்குள்ளிருந்து வருவது போல் பதியும். அந்த மூச்சு அப்படித்தான் இருந்தது. "இதுக்குத்தான்டா," என்றது அது. இரண்டாவது அடி. "பத்தொம்போது வருஷம்டா." மூன்றாவது அடி, ஈரமாக. தூரத்தில், தரையோடு ஒட்டிய சின்னக் குரலில் ஐசக்: "அக்கா, போதும்! விழுந்துட்டான் அக்கா!"

மொத்தம் ஒன்பது விநாடி. 

மருத்துவமனை மாடிக்குத் திரும்பியபோது ஐசக் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். "பின்னால விழுந்த ரெண்டு அடியையும் நாம பேசினதையும் மட்டும் வெட்டு. மத்ததக் குடு. அவனுங்க என்ன மிதிச்சதும் கைய உடைக்கச் சொன்னதும் தெளிவா இருக்கும்ல? ரெண்டு வருஷத்துல வந்துருவேன். எனக்கு உள்ள எல்லாரையும் தெரியும். உனக்கு அந்தக் கஞ்சி எறங்காது, பேராசிரியரம்மா."

"வெட்டினா கண்டுபிடிப்பாங்க."

"வேற எவனாவது வெட்டினா கண்டுபிடிப்பாங்க."

அது உண்மைதான். ஒலியை வெட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது வெட்டிய இடத்தில் அல்ல, அதற்கு அடியில் ஓடும் அமைதியில். ஒவ்வொரு இடத்து அமைதிக்கும் ஒரு நிறம் உண்டு: அலை, ஜெனரேட்டர், கடற்காகம். அது துள்ளினால் காது கண்டுகொள்ளும். அதனால்தான் எந்த இடத்துக்குப் போனாலும் டெல்ஃபின் முதலில் ஒரு நிமிட வெறும் ஒலியைப் பதிவு செய்வாள். நேற்றும் செய்திருந்தாள்.

வீட்டு மேசையில் அந்த நிமிடத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, வெட்டிய இடத்து ஓட்டையில் வைத்தாள். இரு விளிம்பையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கரைத்தாள். நாற்பது நிமிட வேலை. தையலே தெரியவில்லை. மாணவர் யாராவது செய்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பாள்.

ஒரு முறை ஓட்டிக் கேட்டாள். அடி. அமைதி. பிறகு ஐசக்கின் குரல்: "நான்தான் அடிச்சேன்."

அவள் கை விசைமேல் அப்படியே நின்றது. இதை அவள் கேட்டிருக்கிறாள். வருடக்கணக்கில் வகுப்புக்கு வகுப்பு போட்டுக் காட்டியிருக்கிறாள். வெடி, அமைதி, ஐசக். அன்று அந்த ஓட்டையைப் போட்டது இயந்திரம்.

தைத்த பிரதியை அழித்தாள். முகம் கழுவிக்கொண்டு காரை எடுத்தாள்.

காவல் நிலையத்தில் பிரிஸ்கோ என்ற இளம் அதிகாரி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். "மேடம், எந்த எடத்துலேர்ந்து கேக்கணும்?"

"முதல்லேர்ந்து கேளுங்க, ஒரு நிமிஷம் சும்மாதான் போகும், தள்ளி விட்டுறாதீங்க. அதுதான் இதுல வெட்டு இல்லன்னு காட்டும். அடியில ஒரு ஜெனரேட்டர் ஓடுதா? அது எங்கயும் துள்ளக் கூடாது, கவனிங்க. அஞ்சாவது நிமிஷம் கடப்பாரை வச்சிருக்கவன் பேசுவான். ஆறு பன்னெண்டுல மூணு அடி." கட்டைவிரலால் திருகைக் காட்டினாள். "கிட்ட கேக்கற மூச்சு யாரோடதுன்னு சந்தேகம் வரும். மைக் என் கழுத்துல இருந்துச்சு. தூரமா, கீழேர்ந்து கேக்கறவன்தான் ஐசக். அவன் நிறுத்தச் சொல்றான்."

பிரிஸ்கோ அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"திருகைக் குறைச்சுக்குங்க தம்பி," என்றாள். "ரெண்டாவது அடி காதை அடைக்கும்."