முப்பதில்தான் போனேன்

தையற்காரரின் மோட்டார் சைக்கிளில் வேகம் காட்டும் முள் செத்து ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பழைய வண்டிக்கு உதிரி பாகம் கிடைப்பதாக இல்லை. அவரும் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை. காதில் அடிக்கிற காற்றை வைத்தே வேகத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சி இரண்டு வருடத்துக்கு முன்பு தண்ணீர்த் தொட்டி வளைவில் கவிழ்ந்தது. வண்டி கவிழவில்லை. ரோட்டில் இருந்த மேட்டில் ஒரு குதி குதித்ததில் பின்னால் இருந்த மனைவி மட்டும் விழுந்தாள். தோள் எலும்பு முறிந்து மூன்று மாதம் கட்டு. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இவர் ஒரே பாட்டைப் பாடினார்: "முப்பதுலதான் போனேன். முப்பதுல யாராவது விழுவாங்களா? இவ சீட்டுக் கம்பியைச் சரியாப் பிடிக்கல."

அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். கட்டுப் பிரித்த மறுமாதத்திலிருந்து வேலைக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். அவருடைய பின் இருக்கை காலியானது. தலைமை ஆசிரியரின் கூத்துகளைக் காதுக்குள் சொல்லிக்கொண்டே வருகிற குரல் இல்லாமல், சும்மா சொல்லக்கூடாது, மனிதர் ஏங்கித்தான் போனார்.

இந்த மாதம் அந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அவள் வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகச் சொன்னாள்: "வண்டில வர்றேன். ஆனா முப்பத்தஞ்சைத் தாண்டக் கூடாது. தாண்டலைன்னு நான் கண்ணால பார்க்கணும்."

மறுநாளே சைக்கிள் கடைக்கு ஓடி, சைக்கிளுக்கு மாட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி வந்தார். சக்கரக் கம்பியில் ஒரு காந்தம். பக்கத்துத் தண்டில் அது கடக்கும்போதெல்லாம் எண்ணுகிற ஒரு குமிழ். அங்கிருந்து ஒரு ஒயர், அதன் முனையில் வேகத்தையும் தூரத்தையும் எண்ணில் காட்டும் பெட்டி. சக்கரத்தின் சுற்றளவை அளந்து பெட்டியில் ஏற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் சமாசாரம்.

ஆனால் மோட்டார் சைக்கிளின் கம்பி தடிமன். காந்தத்தின் கவ்வி மூடவே மாட்டேன் என்றது. விடுவாரா? பொத்தான் தைக்கிற நூலை நாலு புரி சேர்த்து, காந்தத்தைக் கம்பியோடு சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டார். குமிழ் காந்தத்துக்கு எட்டவில்லை. சட்டைக் காலருக்குள் வைக்கிற கேன்வாஸை மடித்து அடியில் கொடுத்தார். பெட்டியை, பின்னால் இருப்பவளுக்கும் தெரிகிற மாதிரி கண்ணாடித் தண்டில் சாய்த்துக் கட்டினார். வாசலில் மனைவி பார்த்துக்கொண்டிருக்க, பெருமையாக எஞ்சினை உதைத்தார். ஸ்டாண்டில் நின்ற வண்டி தொண்ணூற்று நாலு காட்டியது.

"நின்ன இடத்துலயே தொண்ணூத்தி நாலுல போற ஆளை இப்பத்தான் பார்க்குறேன்," என்றாள்.

அசடு வழிந்தபடி, மீட்டர் ஒயரை எஞ்சினுக்குத் தீப்பொறி கொண்டுபோகிற ஒயரிலிருந்து விலக்கிக் கட்டினார். தீப்பொறியை எண்ணிக்கொண்டிருந்த பெட்டி அடங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். அவள் பின்னால் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மீட்டரைப் பார்த்தாள். முப்பத்திரண்டு. முப்பத்து நாலு. கிலோமீட்டர் கல் இரண்டைத் தாண்டியதும் முதுகில் தட்டினாள்.

"நிறுத்துங்க. கல்லுக்குக் கல்லு ஒரு கிலோமீட்டர். இது அம்பது மீட்டர் கூடக் காட்டுது. சக்கரத்தை எதுல அளந்தீங்க?"

"டேப்லதான்."

"தையலுக்கு விட்டீங்களா?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். விட்டிருந்தார். டேப் அறுபது அங்குலம், சக்கரச் சுற்றளவு எழுபத்தாறு. இரண்டு தடவையாக அளந்து, துணியில் தையலுக்கு விடுகிற மாதிரி தடவைக்கு இரண்டு அங்குலம், கைப்பழக்கத்தில் சேர்த்தே எழுதியிருந்தார். சக்கரத்தை யார் பிரித்துத் தைக்கப் போகிறார்கள்? அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு மனசு நிறைந்தது. ரோட்டோரத்திலேயே கணக்கைத் திருத்திப் பெட்டியில் ஏற்றினார். அடுத்த கல் கச்சிதமாக வந்தது.

தண்ணீர்த் தொட்டி வளைவுக்கு முன்னால் அவள் இறங்கிக்கொண்டாள்.

"அன்னைக்குப் போன மாதிரி ஒரு தடவை தனியாப் போயிட்டு வாங்க."

"எதுக்கு இப்போ?"

"போயிட்டு வாங்களேன்."

போனார். முப்பதில் வளைவை நெருங்கினார். எஞ்சின் முனகியது. மேடு வண்டியைத் தாலாட்டியது, அவ்வளவுதான். இது அன்றைய சத்தம் இல்லை, அன்று கண்ணாடி நடுங்கியது என்று அவருக்கே தெரிந்தது. திரும்பி வந்து மறுபடி போனார். கண்ணாடி நடுங்குகிற வரைக்கும் முறுக்கினார். மேட்டில் வண்டி எகிறியது. அப்போது பெட்டியைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு.

அந்த எண்ணை அவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிற தூரம் முழுவதும் வாயில் முப்பது தயாராக நின்றது.

"எவ்வளவு?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையின் பயம்தான் இருந்தது.

"அம்பத்தெட்டு."

அவள் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப நான் கம்பியைச் சரியாத்தான் பிடிச்சிருந்தேன். ரெண்டு வருஷமா என் கை மேலயே எனக்குச் சந்தேகம்ங்க. பஸ்லகூட ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுத்தான் நிப்பேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. "சரியாத்தான் பிடிச்சிருந்தே. தப்பு என்னுதுதான்," என்றார்.

"இதை உங்க அக்காகிட்டயும் சொல்லுங்க. என்னைப் பார்க்குறப்பெல்லாம் 'நல்லாப் பிடிச்சுக்கம்மா'ங்கறாங்க."

"சொல்றேன்."

"இப்பவே."

அவள் ஏறி உட்கார்ந்தாள். அக்கா வீடு ஊரின் மறுகோடியில். முப்பத்தைந்தைத் தாண்டாமல்தான் போனார். சொல்லப்போனால், அதற்கும் கீழேயே போக அவருக்கு அன்று ஆசையாக இருந்தது.