ஓநாய்க்குப் பங்கு

யோப்ஸ்ட் கிழவன் வெளியூர்க்காரன் எவனையும் நம்பமாட்டான். தூரிங்கிய மலையடியில் அந்த ஊர் மாதாகோயிலில், குழல்களால் ஒலிக்கும் ஆர்கனுக்குக் காற்றேற்றத் துருத்தி மிதிப்பவன் அவன். அவன் கால் நின்றால் எப்பேர்ப்பட்ட ஆர்கனும் வெறும் அலமாரிதான்.

அந்த ஆர்கனில் ஒரு ஓநாய் குடியிருந்தது. பழைய சுதியில் எல்லாரும் வாசிக்கிற கட்டைகள் தேனாய்ச் சேரும். அந்தத் தித்திப்புக்காக ஒதுக்கித் தள்ளிய சுதிப் பிசிறெல்லாம் மூலையில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே கூடிக்கொண்டு ஊளையிடும். அதைத்தான் ஓநாய் என்பார்கள். அந்தப் பக்கம் யாரும் விரல் வைப்பதில்லை.

போன குளிர்காலத்துக் காய்ச்சல் அவன் பெண்டாட்டி மெக்டில்டின் தொண்டையைக் கெடுத்துவிட்டுப் போனது. குரல் மேலே எட்டவில்லை. அவளைப் போன்ற கிழடுகள் ஊரில் நிறைய. சரியென்று பாட்டை ரெண்டு கட்டை இறக்கி வாசித்துப் பார்த்தார்கள்; நேரே ஓநாய் வாயில் போய் விழுந்தது. பின்வரிசையில் எவனோ பதிலுக்கு ஊளையிட, கோயிலே சிரித்தது. அதோடு மெக்டில்ட் வாயை மூடிக்கொண்டாள். முன்பெல்லாம் அவள் பாட்டை வைத்தே சமையலறையில் இருக்கிறாளா, தோட்டத்தில் இருக்கிறாளா என்று யோப்ஸ்ட் தெரிந்துகொள்வான். இப்போது வீட்டுக்குள் நுழைந்தால் அவளைத் தேட வேண்டியிருந்தது.

பாதிரியார் சொல்லி அனுப்பி, சுதி சேர்க்கிற வைட் மேஸ்திரி வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தார். ஒவ்வொரு குழலாகத் தட்டிச் சரிசெய்தார். யோப்ஸ்ட் மிதித்துக்கொண்டே காதைத் தீட்டினான். கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் நின்ற பழைய சேர்மானங்கள் இப்போது லேசாக நடுங்கின. பொறுத்துப் பார்த்தான். பிறகு காலை எடுத்துவிட்டான். ஆர்கன் முனகிச் செத்தது.

"நல்லா இருந்ததக் கெடுக்கிறீங்க மேஸ்திரி."

"கெடுக்கல பெரியவரே. ஓநாயக் கூறுபோட்டு எல்லா வீட்டுக்கும் ஒரு துண்டு குடுக்கிறேன்."

"எல்லா வீட்லயும் ஓநாய் இருந்தா, எவன் வீட்ல தூங்கறது?"

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பிசிறைக் கொல்ல எவனாலும் முடியாது, பகிர்ந்துகொள்ளத்தான் முடியும் என்றார். ஒரு மூலை மட்டும் நரகமாய்க் கிடப்பதைவிட எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வது மேல்; ஒப்பவில்லை என்றால் பழையபடியே வைத்துவிட்டுப் போகிறேன் என்றும் சொன்னார். எல்லா ஏமாற்றுக்காரனும் இப்படித்தான் பேசுவான் என்று யோப்ஸ்டுக்குத் தோன்றியது. ஆனாலும் வீட்டின் அமைதி நினைவுக்கு வந்தது. துருத்தியில் மறுபடி காலை வைத்தான்.

வேலை முடிகிற மத்தியானம் மெக்டில்ட் ரொட்டியும் உப்புப் பன்றிக்கறியும் கொண்டுவந்தாள். மேஸ்திரி அவளைக் கவனிக்காதவர்போல அறுவடைப் பாட்டை எடுத்தார், ரெண்டு கட்டை கீழே. யோப்ஸ்ட் ஊளைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். ஊளை வரவில்லை.

துருத்தி அறைக்கு வெளியே கூடையைக் கீழே வைக்கிற சத்தம். அப்புறம் ஒரு முணுமுணுப்பு. அடுத்த அடியில் சொல்லும் சேர்ந்துகொண்டது. குரல் பழைய குரல் இல்லை, கரகரத்தது. ஆனால் எட்டியது. பாட்டின் கடைசி அடிவரை அவன் மூச்சு வாங்க மிதித்தான்.

வெளியே வந்ததும் பாராட்ட அவனுக்கு வாய் வரவில்லை.

"முன்ன மாதிரி இல்ல. எல்லாம் கொஞ்சம் நடுங்குது" என்றான்.

"நானுந்தான் நடுங்கறேன். ஞாயித்துக்கெழம என்ன பாட்டுன்னு கேட்டுச் சொல்லு" என்றாள் மெக்டில்ட்.