முதலில் என்னைச் சோதியுங்கள்

1.
இந்தக் கதை ரயிலில் பிறந்தது. கோலார் தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி, பெங்களூரு வேலைக்குப் போகும் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து ஆள் போனை நீட்டினார். ராமநாதபுரம் கடற்கரையில் படகில் வந்த கடத்தல் தங்கம் பிடிபட்டிருக்கிறது. பிடித்த சுங்கத்துறை அதிகாரி எங்கள் ஊர்ப் பெண். "நம்ம ஏசுபாதம் பொண்ணு சார்!" என்றார். பெட்டியே நிமிர்ந்து நின்றது. (மிகை. மூன்று பேர் நிமிர்ந்தோம்.)

2.
'நீலக்கடலின் அலைகளைக் கிழித்துக்கொண்டு ரெபேக்காவின் ரோந்துப் படகு…'

அடித்துவிட்டேன். தங்கவயல்காரனுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் பேத்தமங்களா ஏரிதான். நான் கடலை எழுதினால் அதில் தாமரை பூத்துவிடும். ஆகவே கரையிலேயே நின்றுகொள்கிறேன்.

3.
ரெபேக்காவுக்குச் சுங்கத்துறையில் பதினான்கு வருட சர்வீஸ். சோதனை போடும் முன், "முதலில் எங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்" என்று அதிகாரிகள் சொல்வது வழக்கம்.* பொருளை அதிகாரிகளே கொண்டுவந்து வைத்தார்கள் என்று பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? எதிரில் இருப்பவர்களும் வழக்கம்போல் "வேண்டாம் மேடம்" என்பார்கள். அதையும் மகஜரில், அதாவது சாட்சிகள் கையெழுத்திடும் சோதனைக் குறிப்பில், எழுதிக்கொள்வார்கள்.

(* எந்தப் பிரிவு என்று கேட்காதீர்கள். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். இது பழக்கம்.)

அன்று கரையேறிய படகு சகாயம் என்பவனுடையது. அவன் மனைவி ஜூடித் மணலில் நின்றிருந்தாள். ரெபேக்கா வழக்கமான வாக்கியத்தைச் சொன்னாள்.

"சரி, கையத் தூக்குங்க" என்றாள் ஜூடித்.

கூட வந்த அதிகாரிகள் சிரித்தார்கள். ரெபேக்கா சிரிக்கவில்லை. குப்பமே பார்க்கக் கைகளைத் தூக்கி நின்றாள். பாக்கெட், பெல்ட், ஷூ, எதையும் ஜூடித் விட்டுவைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ரெபேக்கா படகில் ஏறினாள். ஐஸ் பெட்டியின் அடித்தட்டைப் பெயர்த்தபோது தங்கம் இருந்தது. 

4.
இனி ஏசுபாதம், எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இவரை எழுதத்தான் எனக்குப் பயம். ஞாயிறன்று சர்ச்சில் மகளுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். அப்பா பக்கத்தில் நிற்க வேண்டும், ரெபேக்காவுக்கு வேறொன்றும் வேண்டாம். அவரோ வர மாட்டேன் என்கிறார். பதினான்கு வருடமாக அவள் யூனிபார்மைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. லீவில் வந்தவளிடம் இப்போதுதான் கொட்டினார்.

"முப்பது வருசம் ஷிப்ட் முடிஞ்சி சுரங்கத்துலேர்ந்து கேஜ்ல மேல வந்தா, கேட்ல கையத் தூக்கினேன். வாயத் தொறந்தேன். டிபன் டப்பாவக் கவுத்துக் காட்டினேன். ஒரு தூசி தங்கம் எடுத்ததில்ல. என் கையத் தூக்க வெச்சவன் வேலைய நீ பண்ற. அதுக்கு நான் வந்து கை தட்டணுமா?"

(இங்கே ரெபேக்கா கடல் எல்லை, நாட்டின் பொருளாதாரம் என்று ஒரு பக்கம் பேசினாள். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. நீக்கம்.)

அவள் ஜூடித்தைப் பற்றி மட்டும் சொன்னாள்.

"உன்னையா செக்கிங் பண்ணா?"

"ஆமாப்பா. எல்லாரும் பாத்துகினு இருந்தாங்க."

"நீ இன்னா பண்ண?"

"கையத் தூக்கினேன்."

"எப்படி? காட்டு."

ரெபேக்கா எழுந்து நின்று காட்டினாள். ஏசுபாதம் வெகுநேரம் பார்த்தார். பிறகு கிட்டே வந்து, லேசாக மடங்கியிருந்த அவள் முழங்கைகளை நிமிர்த்திவிட்டார்.

"நேரா தூக்கணும்மா. எடுக்காதவன் நேரா தூக்குவான்."

5.
முடிவு. முதல் வரைவில் ஏசுபாதம் சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதார். கிழித்தேன். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. இரண்டாவதில் வீட்டிலேயே இருந்துவிட்டார். அதை எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த கேட்டில் கைகளைத் தூக்கி நின்றவர்களின் பேரன் நான். எனக்கு அதில் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் என் கர்வத்தை அவர் தலையில் கட்ட எனக்கு உரிமையில்லை. என்னால் முடிந்தது இவ்வளவுதான்:

ஞாயிறு காலை, எட்டரை. முதல் மணி அடித்துவிட்டது. ரெபேக்கா யூனிபார்மில் வாசலில் நிற்கிறாள். உள்ளே ஆணியில், நான் இஸ்திரி போட்டு மாட்டிய வெள்ளை ஜிப்பா. ஏசுபாதம் அதன் எதிரில் நிற்கிறார். தலைவழியாகப் போடும் ஜிப்பா அது, இரண்டு கைகளையும் தூக்கினால்தான் ஏறும். தூக்கச் சொல்ல அங்கே யாரும் இல்லை. நானும் சொல்லப்போவதில்லை. பேனா உங்களிடம்.